தலையணை உயரம்

“கொஞ்ச நாளைக்கு நீங்க கீழ படுத்துக்கறீங்களா?”

“எவ்வளவு நாளைக்கு?”

“பாப்பாவுக்கு இழுப்பு நிக்கிற வரைக்கும். மரத்தூள் ஆகவே ஆகாதுன்னுட்டார் டாக்டர். நீங்க குளிச்சுட்டு வந்தாலும் முடியில, காதுக்குப் பின்னாலன்னு எங்கயாவது ஒட்டிக்கிட்டு வந்துடுதாம்.”

“சரி.”

“கோவமா?”

“குழந்தைக்கு முடியல, இதுல என்ன கோவம்? இந்தத் தலையணையை எடுத்துக்கட்டுமா, நீ வேற வச்சிருக்கியா?”

அவ்வளவுதான் பேச்சு. அவர் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பதினாலு படி இறங்கிப் போனார். அது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அவர் கொஞ்சம் முணுமுணுத்திருந்தால்கூடத் தேவலை. முணுமுணுத்த மனுஷனை என்றைக்காவது ஒருநாள் சமாதானம் செய்து மேலே கூப்பிட்டிருக்கலாம். சிரித்த முகமாக இறங்கிப் போனவரை எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

இழுப்பு என்னவோ பாப்பாவின் பத்து வயதிலேயே நின்றுவிட்டது. இப்போது அவளுக்குப் பதினெட்டு. வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். காலையில் மூன்று மைல் ஓடிவிட்டுத்தான் பல்லே தேய்ப்பாள். ஆனால் தலையணை மட்டும் மேலே ஏறி வரவில்லை. முதலில் ‘இந்தப் பனிக்காலம் போகட்டும்’ என்றிருந்தது. பிறகு ‘பரீட்சை முடியட்டும்’. அப்புறம் ஒருநாள் மதியம் பாப்பாவின் அம்மா தன் கடையிலிருந்து வந்தபோது, கீழே அவருடைய தச்சுப்பட்டறை மூலையில் புதுக் கட்டில் ஒன்று நின்றது. மிச்சப் பலகைகளைச் சேர்த்து இழைத்து, எண்ணெய் தேய்த்து, மொழுமொழுவென்று இருந்தது. அகலம் இரண்டரை அடி.

“பெஞ்சு மேல படுத்துப் படுத்து முதுகு போயிடுச்சு. எப்படி இருக்கு?” என்றார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள்.

இரண்டரை அடி என்றால் ஒருத்தர் படுக்கிற அகலம். நுனிநாக்கு வரை வந்திருந்த கேள்வி அன்றைக்குத் தொண்டைக்குள் போனதுதான், அங்கேயே குடியிருக்கிறது.

வீடு ஒன்றும் பெரியதில்லை. கீழே முன்பக்கம் பட்டறை, அதற்குப் பின்னால் சமையலறை, பக்கவாட்டில் மரப்படி. மேலே ஒரு படுக்கையறை, மகளுடைய சின்ன அறை. குழாயடி கீழே பின்கட்டில். தெருவில் அவருக்குப் பெயர் ‘மில்லிமீட்டர்’. மேசை கேட்டு வருகிறவன் சும்மா ‘நாலடி’ என்றால் விடமாட்டார். “நாலடின்னா நாலடியா, நாலடிக்கு ஒரு நூல் கம்மியா?” என்று குடைவார். அவர் செய்த இழுப்பறையை ஒரு பக்கம் தள்ளினால் அடைபட்ட காற்று பக்கத்து இழுப்பறையை வெளியே தள்ளும், அவ்வளவு இறுக்கம். அவர் சேர்த்த மூலையில் நூலிடைகூட வெளிச்சம் தெரியாது. அதைத் தெரு முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

அவளுக்குப் பெயர் ‘போன் டாக்டர்’. தெருமுனையில் இரண்டு கை அகலக் கடை. தண்ணீரில் விழுந்தது, மாடியிலிருந்து விழுந்தது, காதலன்மேல் எறிந்தது என்று எல்லா போனும் அவளிடம்தான் வரும். ஈயத்தை உருக்கி ஒட்டும், நுனி ஊசி போன்ற சாலிடரிங் கம்பியும் கண்ணில் மாட்டும் லென்ஸுமாகக் குனிந்து உட்கார்ந்தால், செத்ததைப் பிழைக்க வைத்துவிட்டுத்தான் நிமிர்வாள்.

உதிரிப் பொருள் வாங்கப் போன இடத்தில்தான் அந்தச் சென்சாரைப் பார்த்தாள். நீலத் தகர டப்பா, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது.

“இது என்ன அண்ணா?”

“காத்துல இருக்கிற தூசியை எண்ணும்மா.”

“எண்ணுமா?”

“உள்ள ஒரு குட்டி விசிறி காத்தை இழுக்கும். அதுமேல லேசர் அடிக்கும். தூசி குறுக்க வந்தா வெளிச்சம் செதறும். செதறலை வச்சுக் கணக்குப் போட்டுடும். கண்ணுக்கே தெரியாத தூசியைக்கூட விடாது.”

அவள் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் தூசி, தூசி என்று பேசியிருக்கிறார்கள். ஒருவரும் அதை எண்ணிப் பார்த்ததில்லை. அவர் படியேறினால் மூன்றாம் படியிலேயே நின்று, கால்சட்டையைத் தட்டி, “நான் வரல, தூசி மனுஷன்,” என்று சொல்லித் திரும்பிவிடுவார். சொல்லுவது வேடிக்கையாகத்தான். ஆனால் நம்பித்தான் சொல்லுவார். அவர் ஏறி வந்தாலும் மேலே காற்று கெடாது என்று ஒரு இயந்திரம் சொன்னால், அந்த எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அவளால் கேட்டுவிட முடியும். ‘பாருங்க, ஒண்ணும் ஆகல. வந்துடுங்க.’ வெறும் வாயால் கேட்கத்தான் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை மேசையில் கடை பரப்பினாள். ஒரு பக்கம் ரொட்டியும் அவித்த முட்டையும், இன்னொரு பக்கம் சென்சார், வைஃபை போர்டு, எண் காட்டும் சின்னத் திரை, தலைமுடி மாதிரி ஒயர்கள். அவர் டீ டம்ளரோடு எதிரில் வந்து உட்கார்ந்தார். மரவேலை தவிர வேறு எந்த வேலை நடந்தாலும் வேடிக்கை பார்க்க அவருக்குப் பிடிக்கும்.

“எத்தனை ஒயரு?”

“வேணுங்கறது நாலுதான். சிவப்பு கரண்டுக்கு. கறுப்பு எர்த்துக்கு. மிச்சம் ரெண்டு பேசறதுக்கும் கேக்கறதுக்கும்.”

“ஒயரு பேசுமா?”

“இந்தக் கம்பிமுனைக்கெல்லாம் கால்னு பேரு. சென்சாரோட பேசற கால், போர்டோட கேக்கற காலுக்குப் போகணும். பேசற காலைப் பேசற காலுக்கே மாட்டினா ஒண்ணும் வராது.”

“எங்க அக்காவும் தெருக்கோடி பேக்கரிக்காரம்மாவும் பேசிக்கற மாதிரின்னு சொல்லு. ரெண்டு வாய், காதே கிடையாது.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு ஒயரை முறுக்கிக்கொண்டே நினைத்தாள். இந்த வீட்டில் பிரச்சனை அது இல்லை. இங்கே இரண்டு பக்கமும் கேட்கிற கால்தான், பேசுகிற கால் இல்லை.

வைஃபையில் சேர்க்கும்போது கடவுச்சொல் கேட்டது. விடுதியிலிருந்த மகளுக்கு போன் போட்டாள்.

“பாப்பா, வைஃபைக்கு என்ன வச்ச?”

“அப்பாகுறட்டை ஒண்ணு ரெண்டு மூணு. எல்லாம் சின்ன எழுத்து.”

“என்னது?” என்றார் அவர்.

“மறக்காம இருக்கணும்ல அப்பா. தினம் ராத்திரி ஞாபகப்படுத்துவீங்க.”

“நான் கீழ படுக்கறேன். உனக்கு எப்படிக் கேட்டுச்சு?”

“அப்பா, பேக்கரிக்கே கேக்கும்.”

அவள் கடவுச்சொல்லைத் தட்டினாள். மரத்தரை வழியாக ஏறி வரும் அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவளுக்குத் தூக்கமே வரும். வெளியூர் வேலைக்கு அவர் போகிற நாளில் புரண்டு புரண்டு படுப்பாள். இது யாருக்கும் தெரியாது.

திரையில் எண் வந்தது. முப்பத்தொன்று. முட்டையை உரித்தாள், டம்ளரை நகர்த்தினாள், எண் அசைந்து அசைந்து கொடுத்தது. வைஃபை வழியாக அதே எண் மகளுடைய போனிலும் வந்தது. அங்கிருந்தே கத்தினாள்: “எனக்கும் தெரியுதும்மா! முப்பத்தி மூணு! அப்பா தும்மினாரா?”

“இது சும்மா இப்படியே தொங்குமா?” என்றார் அவர், ஒயர்க்கொத்தைப் பார்த்து முகம் சுளித்து. “ஒரு பொட்டி வேண்டாமா? பார்க்க நல்லா இருக்க வேண்டாமா? அளவு எடுத்துக்கறேன், கொடு.”

பட்டறையில் அவர் பெட்டி செய்துகொண்டிருந்தபோதுதான் அவருடைய அக்கா வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள். செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவாள்.

“என்னடா பண்ற?”

“தூசி மீட்டருக்குப் பொட்டிக்கா.”

“தூசிக்கு மீட்டரா? கரண்டுக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு, இப்ப தூசிக்குமா?” சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். “எங்க உன் டாக்டரம்மா? ஏம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. என் தம்பி பட்டறையைக் காலி பண்ண வைக்கத்தானே இந்த வேலை?”

“ஐயோ அக்கா, அப்படியெல்லாம் இல்ல.”

“பின்ன எதுக்கு? தூசி எவ்வளவுன்னு காட்டுவ. அப்புறம் ‘பாருங்க, எவ்வளவு தூசி’ம்ப. அப்புறம் இவன் ஊருக்கு வெளிய ஒரு கொட்டகையைப் பிடிச்சுக்கிட்டு, சோத்துப் பொட்டலத்தோட சைக்கிள்ல போவான். எனக்குத் தெரியாதா?”

“அக்கா, டீ குடிக்கிறீங்களா?”

“குடிக்கிறேன். பேச்சை மாத்தாத.”

அவர் குனிந்து இழைத்துக்கொண்டே இருந்தார். இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. அக்கா டீ குடித்துப் போன பிறகு, சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“பட்டறையை மாத்தணும்னு உனக்கு இருந்தா நேரா சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

“அது இல்லைங்க.”

“மாத்திடலாம். கஷ்டம்தான், ஆனா மாத்திடலாம்.”

“அது இல்லைன்னு சொல்றேன்ல.”

“வேற என்ன?”

அவள் பாத்திரத்தைத் தேய்த்தாள். ஏற்கனவே தேய்த்த பாத்திரம். “எண்ணிப் பார்க்கலாம்னுதான்,” என்றாள்.

சாயங்காலம் பெட்டி தயாராகிவிட்டது. உள்ளங்கை அளவு, பழுப்பு மரம், முனைகள் மழமழவென்று. முன்பக்கம் திரைக்கு ஒரு கண்ணாடி, ஒயர் வெளியே வர ஒரே ஒரு துளை, அந்தத் துளைக்கும் ரப்பர் வளையம் வைத்து இறுக்கியிருந்தார். மூடியைப் போட்டால் ‘ப்ஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம். அதை மூன்று தடவை திறந்து மூடிக் காட்டினார்.

“எங்க மாட்டணும்?”

“மேல. படுக்கையறையில.”

சுத்தியலை எடுத்துக்கொண்டு படியேறினார். மூன்றாம் படியில் நின்று கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். அறையில் போய், சுவரில் தலைக்கு மேலே ஒரு இடத்தைக் காட்டினார்.

“இங்க?”

“இல்ல, கீழ. இன்னும் கீழ.”

“கடிகாரம் மாதிரி மேல இருந்தா நல்லாத் தெரியும்ல?”

“தூங்கும்போது மூக்கு எந்த உயரத்துல இருக்குமோ, அந்த உயரத்துல மாட்டணும். தலையணை உயரம். ஜன்னலை ஒட்டியும் இருக்கக் கூடாது.”

“அப்ப இந்தப் பக்கம்தான்.” கட்டிலின் உள்பக்கம், சுவரை ஒட்டிய பக்கம், முன்பு அவர் படுத்த பக்கம். கல்யாணத்துக்கு அவரே செய்த கட்டில். அந்தப் பாதி முழுக்க மடித்த துணி, மடிக்காத துணி, மகள் விட்டுப் போன குளிர்சட்டை எல்லாம் குவிந்திருந்தது. “உன் மூக்கு அந்தப் பக்கம்ல இருக்கும்? இங்க யார் மூக்கு?”

அவள் துணியை அள்ளுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். “ஆணியை நேரா அடிங்க,” என்றாள். அவரிடம் போய் அதைச் சொன்னாளே என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை எண் பூஜ்யம்.

அதற்கு மறுநாளும் பூஜ்யம். ஒரு தடவை ஒன்று என்று காட்டிவிட்டு, வெட்கப்பட்ட மாதிரி திரும்பப் பூஜ்யத்துக்கே போய்விட்டது. அவர் கீழே பெரிய ரம்பத்தை ஓட்டினார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், பலகையைத் தட்டினார். மேலே பூஜ்யம்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. தச்சுக்கூலிக்கு வந்தவர், பால் கொண்டுவந்தவர், பேக்கரிக்காரம்மா என்று எல்லோரிடமும் சொன்னார். “பட்டறைக்கு நேர் மேல இருக்கிற ரூமு. தூசி எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்! மலை உச்சியில போய் நின்னாக்கூட இந்தக் காத்து கிடைக்காது.” அக்காவுக்கு போன் போட்டே சொன்னார்.

மதியச் சாப்பாட்டின்போது அவளைப் பார்த்து, “இப்ப என்ன சொல்ற?” என்றார். முகமெல்லாம் வெளிச்சம்.

கேட்டிருக்கலாம். அந்த நிமிஷம் கேட்டிருந்தால், அவர் இருந்த சந்தோஷத்தில் தட்டை அப்படியே விட்டுவிட்டுத் தலையணையோடு வந்திருப்பார். வாய் திறந்தும் விட்டாள். ஆனால் பத்து வருஷமாகக் கரண்டு அளக்கும் மீட்டரை வைத்துப் பிழைக்கிறவள். காற்று இருக்கிற இடத்தில் பூஜ்யம் வராது என்று அவளுக்கு முதல்நாளே தெரியும். பொய் எண்ணை வைத்து வரவழைத்தால், என்றைக்காவது உண்மை எண் வரும். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசாமல் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொள்வார். இன்னொரு தடவை அதைப் பார்க்க அவளால் முடியாது.

“இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?” என்றாள்.

சாயங்காலம் மகளே போனில் வந்தாள். “அம்மா, அது செத்துப் போச்சா? ஆபரேஷன் தியேட்டர்லகூட பூஜ்யம் வராதும்மா.”

“சாகல. மூச்சு முட்டிக்கிட்டு இருக்கு,” என்றாள். பெட்டியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கு இறங்கினாள்.

“என்னங்க, இதுல ஓட்டை போடணும்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எதுல?”

“இந்தப் பொட்டியில. உள்ள விசிறி இருக்குல்ல. வெளிக்காத்தை அது இழுக்கணும். நீங்க காத்தே போகாம அடைச்சு வச்சிருக்கீங்க. மூணு நாளா அது உள்ள இருக்கிற ஒரு கரண்டி காத்தையே திருப்பித் திருப்பி எண்ணிக்கிட்டு இருக்கு.”

“நான் பொட்டி செய்யறதே ஓட்டை இல்லாம இருக்கணும்னுதான்.”

“தெரியும்.”

“முப்பது வருஷமா.”

“தெரியுங்க. தப்பு என்னுதுதான். நான்தான் சொல்லியிருக்கணும்.”

அவர் பெட்டியை வாங்கி, மூடியைத் திறந்து மூடினார். ‘ப்ஸ்’. “அப்ப பூஜ்யம்?”

“அது பொட்டிக்குள்ள இருந்த காத்துக்கு.”

“ஊரெல்லாம் சொல்லிட்டேனே.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை. “அக்காகிட்ட என்னன்னு சொல்லுவேன்? பேக்கரிக்காரம்மா ரொட்டிக்குப் பதிலா காத்து வாங்க வரேன்னாங்க,” என்று சிரித்தார். சிரித்து முடித்து, பெட்டியைத் தடவிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, பென்சிலை எடுத்தார். துளை என்று ஆன பிறகு அதிலும் மில்லிமீட்டர்தான். இழுக்கிற வாய்க்கு நேரே மூன்று வரிசை, விடுகிற வாய்க்குத் தனியாகப் பக்கவாட்டில் மூன்று வரிசை. விட்ட காற்றையே திரும்ப இழுக்காமலிருக்க நடுவே ஒரு சின்னத் தடுப்பு. அது அவராகவே யோசித்தது. ட்ரில்லால் போட்ட ஒவ்வொரு துளையையும் உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தார்.

அவசரத்தில் அப்படியே கொண்டுபோய் அவரே மாட்டினார். அவள் பின்னாலேயே படியேறி வந்து சேர்வதற்குள் திரை எரிந்துவிட்டது.

நானூற்றுப் பத்து.

அவர் கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தார். எண் நானூற்று முப்பதானது. அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார், கைகளைப் பார்த்தார். பிறகு யாரோ அதட்டிய மாதிரி பின்னாலேயே நடந்து, வாசல் தாண்டி, படியில் இறங்கி நின்றார். தலை மட்டும்தான் தெரிந்தது.

“என்னாலதான்,” என்றார். “நான் வந்து நின்னதும் ஏறுது பாரு. டாக்டர் அன்னைக்கே சொன்னார்ல.”

“இருங்க, போகாதீங்க.”

“ஜன்னலைத் தொற. நான் கீழ போறேன்.”

“இருங்கன்னு சொல்றேன்ல!” அவள் அப்படிக் குரல் உயர்த்தி அவர் கேட்டதே இல்லை. அங்கேயே நின்றுவிட்டார். அவள் பெட்டியைக் கழற்றி, மூடியைத் திறந்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். மூலைகளிலெல்லாம் மாவு மாதிரி மெல்லிசாக மரத்தூள். “துளை போட்ட தூள் உள்ளேயே கிடக்கு. தொடைக்காம மாட்டிட்டீங்க. இது நீங்க இல்ல. பொட்டி.”

“நெசமாவா? சமாதானத்துக்குச் சொல்றியா?”

“எனக்குச் சமாதானம் சொல்ல வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

கடையில் போனுக்குள் ஊதுகிற ரப்பர் ஊதுகுழலைக் கொண்டுவந்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பெட்டியின் ஒவ்வொரு துளையிலும் ஊதினாள். சென்சாரை ஈரத்துணி படாமல் தூரிகையால் துடைத்தாள். திரும்ப மாட்டினபோது எண் அறுபது, நாற்பது என்று இறங்கி, ஒரு மணி நேரத்தில் பதினான்கில் நின்றது. அதற்குள் அவர் கீழே போய்விட்டிருந்தார்.

அடுத்த மூன்று நாள் எண்களை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரம்பம் ஓடும்போது படிக்கதவு திறந்திருந்தால் எழுபது. கதவைச் சாத்தினால் இருபது. மகள் விடுதியிலிருந்தே எண்ணைப் பார்த்து ஊகித்து விளையாடினாள்: “அப்பா இப்ப தேக்கா, பிளைவுட்டா? பிளைவுட்தான், நாப்பத்தி ஒண்ணு.” சொன்னது சரியாக இருந்தது. அவர் மறுபேச்சு பேசாமல் படிக்கதவின் விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டினார். அடைப்பது அவருக்குக் கைவந்த கலை. அதற்குப் பிறகு ரம்பம் ஓடினாலும் மேலே பதினாறைத் தாண்டவில்லை.

மிச்சம் ஒன்றுதான் அளக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பட்டறைக்கு விடுமுறை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவள் சொன்னாள்: “குளிச்சுட்டு, துணிப்பொட்டியிலேர்ந்து எடுத்த சட்டையாப் போட்டுக்கிட்டு, ஒரு அரைமணி நேரம் மேல வந்து உக்காருங்க.”

“எதுக்கு?”

“சும்மா ஒரு சோதனை.”

“ரத்தமெல்லாம் எடுக்க மாட்டியே?”

தலையைத் துவட்டியபடி வந்தார். மூன்றாம் படியில் நிற்கப் பார்த்தார், தட்டுவதற்கு ஒன்றுமில்லை. அறைக்குள் வந்து நின்றவர் கட்டிலைப் பார்த்தார். துணிக்குவியல் இல்லை. விரிப்பு மாற்றியிருந்தது.

“இந்தப் பக்கம் இவ்வளவு அகலமா இருந்துச்சு?”

“நீங்க செஞ்ச கட்டில்தானே?”

“அஞ்சரை அடி,” என்றார், யோசித்து. விளிம்பில் உட்கார்ந்தார். போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி, முதுகு நேராக, கை இரண்டும் முழங்காலில். கூரையில் மழை சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். நடுவே தலையணை உயரத்தில் திரை. பதினான்கு. பதினைந்து. பதினான்கு.

“மூச்சு விடலாமா?” என்றார்.

“விடுங்க. அதான் சோதனை.”

விட்டார். பதினான்கு. கொஞ்சம் கொஞ்சமாக முதுகு தளர்ந்தது. சுவரில் சாய்ந்துகொண்டார். ஜன்னல் சட்டத்தைப் பார்த்து, “அந்தக் கீல் தொங்குது, சொல்லியிருக்கலாம்ல,” என்றார். பாப்பாவுக்கு இழுப்பு வந்த ஒரு ராத்திரி இதே கட்டிலில் அவளை நெஞ்சின் மேல் போட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவள் அதை மறந்தே போயிருந்தாள். அரைமணி முக்கால் மணியானது. பதினான்கு, பதினைந்து. இரண்டு தடவை பதின்மூன்று.

இதற்காகத்தான் அவள் இத்தனையும் செய்தாள். எண் கையில் இருக்கிறது. பொய் எண் இல்லை. வாயைத் திறந்தாள். அதே நேரம் திரை கண் சிமிட்டி அணைந்தது.

“என்னாச்சு?” அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஒண்ணுமில்ல. கறுப்பு ஒயர் விட்டுப் போச்சு போல.” அலுப்பாக இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. சாலிடரிங் கம்பியைக் கொண்டுவந்து சூடாக்கி, கட்டில் மேலேயே குனிந்து, ஒயரை வைத்து ஈயத்தைத் தொட்டாள். குருவி வால் மாதிரி ஒரு புகை எழுந்தது. திரை உயிர் பெற்றது. சென்சார் அரை நிமிஷம் விழித்துக்கொண்டு, காற்றை இழுத்து, எண்ணிச் சொன்னது.

இருநூற்று எண்பத்தாறு.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முன்னூற்று நாலு.

தரையில் வைத்திருந்த போன் கதறியது. மகள். “அம்மா! என்ன பண்றார் அப்பா அங்க? முன்னூறு!”

“அப்பா இல்லடி,” என்றார் அவர், போனை எடுத்து. “உங்க அம்மா.” அதற்கு மேல் பேச முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்து, போனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்தார். “பதினோரு வருஷம் தூசி மனுஷன்னு கீழ கிடந்தேன். இங்க ஒரு புகை மனுஷி இருந்திருக்கா. நியாயமாப் பார்த்தா இனிமே நீதான் கீழ படுக்கணும்.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிப்பு பாதியில் நின்றது. பதினோரு வருஷம் என்று அவர் எண்ணி வைத்திருந்தது அவர் வாயாலேயே வெளியே வந்துவிட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விரிப்பின் மடிப்பை நீவினார்.

அவள் கம்பியைத் தாங்கியில் வைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். எண் முன்னூற்றிலேயே நின்றது. அது இறங்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

“நான் கீழ வரல,” என்றாள். “நீங்க மேல வந்துடுங்க. இன்னைக்கே. தலையணையையும் எடுத்துக்கிட்டு.”